செக்கிங் டேபிளில் ஒரு ஹார்டு டிஸ்க்

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "வாரண்டி பாக்கி இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். சீரியல் நம்பரைப் போனில் தட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் இருக்கிறது என்று வந்துவிட்டது. மனிதர் சந்தோஷமாகக் கையை நீட்டினார். நானோ ஸ்டிக்கர் மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொடுக்காமல் நிற்கிறேன். "ஏனுங்க, கையில ஒட்டிக்கிச்சுங்களா?" என்று கேட்டார் பாவம்.

அந்தப் பழக்கம் வீரபாண்டியில் தொற்றிக்கொண்டது. இரண்டாயிரங்களின் தொடக்கம். ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த தெம்பில் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இரண்டே விரலில் இன்வாய்ஸ் அடிப்பேன். மற்ற எட்டு விரல்களும் வேடிக்கை பார்க்கும். இருந்தாலும் ஊரில் என்னை இன்ஜினியர் என்றுதான் நம்பினார்கள், நானும் மறுத்துச் சொன்னதில்லை.

ஆபீசை ஒட்டியே செக்கிங் செக்சன். எண்ணெய்க் கறை எடுக்க ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் திரவத்தின் வாசம் எந்நேரமும் வந்துகொண்டிருக்கும். மூக்கில் ஏறினால் லேசாகத் தலை சுற்றும், ஆனால் பிடித்தும் போகும். இன்றைக்கும் யாராவது நகப்பூச்சு அழித்தால் எனக்கு ஷிப்மென்ட் ஞாபகம் வந்துவிடுகிறது.

செக்கிங்கில் முக்கியமான வேலை ஸ்டிக்கர் உரிப்பது. துணியை வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் குட்டியாக ஒரு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே சாயத்தில் வந்த முன்பக்கமும் பின்பக்கமும் ஜோடி மாறாமல் தைப்பதற்காக. தைத்த பிறகு அதை உரித்தாக வேண்டும். ஒரு முறை அப்படி ஒரு ஸ்டிக்கர் ஏதோ வெளிநாட்டுக் குழந்தையின் கழுத்துப்பட்டி வரைக்கும் போய்விட்டது. சரக்கு வாங்கும் பையர் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பினார். முதலாளி அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, செக்கிங் டேபிளுக்கு மேலே சாமி படம் மாதிரி மாட்டிவிட்டார். அன்றிலிருந்து செக்கிங் இன்சார்ஜ் செல்வியக்காவுக்கு ஸ்டிக்கர் என்றாலே ஆகாது. ஆயுத பூஜைக்கு வைத்த ஆப்பிளில் ஒட்டியிருந்ததைக்கூட உரித்துவிட்டுத்தான் கும்பிட்டார்.

இந்த நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டது. முதலாளி எதையும் புதிதாக வாங்கியவரில்லை. தையல் மெஷின், வேன், தலைக்கு மேல் சுற்றும் பேன் எல்லாமே செகண்ட் ஹேண்ட். டவுனில் பழைய கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பார்த்தார், விரலால் தேய்த்தார், துணியை மோப்பம் பிடிப்பதுபோல மோந்தும் பார்த்தார். "கை வெயிட்டு நல்லாத்தான் இருக்குது. அதென்ன கண்ணு வாரண்டி? நம்ம தொழில்ல துணிய வெட்டிப்போட்டா வாபஸ் இல்லியே?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினேன். இந்த ஸ்டிக்கரில் உள்ள நம்பர்தான் எல்லாம், இது இருந்தால் டிஸ்க் பழுதானாலும் கம்பெனியே மாற்றிக் கொடுக்கும் என்றேன். பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, நம்பரைத் தட்டி, வாரண்டி பாக்கி காட்டும் பக்கம் அங்குலம் அங்குலமாக இறங்கி வரும்வரை காத்திருந்து, பிரிண்ட் எடுத்தும் நீட்டினேன். முதலாளி அதை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "உன்ற பேச்ச நம்பித்தான் வாங்கறேன். இது நின்னு போச்சுன்னா நீயும் கெளம்பிக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே கணக்கு முடித்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோமனூரில் அப்பாவின் தறி அந்த வருடம்தான் நின்று போயிருந்தது. வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்.

கம்பெனிக்கு வந்ததும், ஆபீஸ் மேஜை முழுக்க சாம்பிள் குவிந்து கிடந்ததால் டிஸ்க்கைச் செக்கிங் டேபிளில் வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் டிஸ்க் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கிறது. செல்வியக்கா பெருமையாகச் சொன்னார். "எண்ணெக் கறை வேற இருந்துச்சு கண்ணு, கன்னடிச்சு எடுத்துட்டேன். ஒரு ஸ்டிக்கரு உடல. பீசு பாஸு!"

ஸ்டிக்கரோடு வாரண்டியும் போயிருந்தது. முதலாளியிடம் மூச்சு விடாமல் டிஸ்க்கை மாட்டினேன். நான் போகாத கோயிலில்லை. சில வாரம் ஓடியது, சரியாக ஷிப்மென்ட் நேரத்தில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அழுவாத கண்ணு, ஸ்டிக்கரு எங்கியும் போவுல" என்று சொல்லிவிட்டு டேபிளுக்கு அடியில் புகுந்தார். உரித்ததைக் கீழே போட்டால் மறுபடி துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் டேபிளின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுவது செக்கிங் ஆட்களின் வழக்கம். அங்கே பலகையே தெரியவில்லை, அத்தனை ஸ்டிக்கர்! டார்ச் அடித்துத் தேடியதில் என்னுடையது கிடைத்தது. பசை தடவி ஒட்டி, மேலே துணி போட்டு அயர்ன் வேறு செய்து கொடுத்தார்கள். சுருக்கமே இல்லை, ஓரம்தான் கொஞ்சம் பழுத்துவிட்டது.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு அக்காவும் கூடவே வந்தார். டை கட்டிய ஆள் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "உரிச்சு ஒட்டியிருக்கீங்க. வேற டிஸ்க் ஸ்டிக்கரா இருந்தா? எடுக்க முடியாது சார்."

அக்கா முன்னால் வந்தார். "நாந்தானுங்க உரிச்சேன். உரிக்கறதுதானுங்க என்ற வேலையே. இந்தக் கண்ணு மேல தப்பில்லீங்க, இவனுக்கு வேலை போயிருமுங்க. நம்பலீன்னா இதப் பாருங்க" என்றவர், கவுன்டரில் இருந்த கீபோர்டின் ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஓரம் கிழியவில்லை, பசைத்தடம்கூட இல்லை. அந்த ஆள் ஸ்டிக்கரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். திருகாணிகள் கழற்றப்படாமல் இருப்பதைச் சோதித்து, என் பிரிண்டோடு நம்பரையும் ஒத்துப் பார்த்து, டிஸ்க்கை எடுத்துக்கொண்டார்.

மாற்று டிஸ்க் வந்ததும், நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு முதலாளி சொன்னது: "செல்வி பாக்கறதுக்குள்ள பொட்டியில வெச்சு மூடு." என் வேலையும் தப்பியது.

இப்போது அந்த பிரவுசிங் சென்டர் இல்லை. பழைய கம்ப்யூட்டர் கடையும் இல்லை. சர்வீஸ் என்றால் போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிற குரல்தான். கம்பெனியையும் சில வருடத்தில் மூடிவிட்டார்கள். கடைசி நாள் எல்லோரும் வேனுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் வந்தார். "வேற எடத்துல சேந்தாச் சொல்லு கண்ணு. ஏதாச்சும்னா நான் வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனி மாறினேன். இரண்டில் வேலை போனது. வந்து பேச யாரும் இல்லை.