டச்சப் சார்

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, முன்பெஞ்சுப் பிள்ளையின் படத்தில் ஒரு தேய் தேய்க்கிறார் எங்கள் டிராயிங் சார். "இப்பப் பாரு கண்ணு, மேகம் மேகம் மாதிரி வந்துடுச்சா?" வந்துவிட்டதுதான். ஆனால் அது இனி அவருடைய மேகம். பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறது. சார் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஒரு மெல்லிய பிரஷ், பாதி தேய்ந்த ரப்பர், களிமண் சீவுகிற மூங்கில் குச்சி, இவ்வளவுதான். பிள்ளைகள் வைத்த பெயர் டச்சப் சார். கேலிப் பெயர் என்று அவருக்குத் தெரியாது. பட்டம் கொடுத்த மாதிரி உச்சி குளிர்ந்து போவார். ஆசிரியர் அறையில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. என் டிபன் டப்பாவின் மூடி கோணலாக இருந்தால், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எட்டி அதை நேராக வைப்பார். "கண்ணுல பட்டுட்டா கை கேக்க மாட்டேங்குது டீச்சர்" என்பார். அந்தக் கை யாருடையது சார் என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு.

கெட்ட மனுஷர் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதுவும் இல்லை. கலர் டப்பா வாங்க முடியாத பிள்ளைக்குத் தானே வாங்கிக் கொடுப்பார். கோபித்து ஒரு சொல் சொன்னதில்லை. அவர் மனைவியை ஒரு முறை கடைத்தெருவில் பார்த்தேன். "எங்க பொண்ணும் சின்ன வயசுல நல்லாத்தான் வரைஞ்சிட்டிருந்தா" என்றார். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அப்புறம் இவர் பக்கத்துல போய் உக்காந்தார்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்கப் போய்விட்டார்.

இந்த வருஷம் எட்டாம் வகுப்புக்குப் புது விதி வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைத் தானே யோசித்து, தானே செய்ய வேண்டும். ஆசிரியர்கள் கை வைக்கக் கூடாது. கண்காட்சியன்று அதன் பக்கத்தில் நின்று, செய்ததில் என்ன கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். டச்சப் சாருக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான் எதுக்கு டீச்சர்? ஆணி அடிக்கவா?" ஆணி அடிக்கத்தான் சொன்னார்கள். மேசை போடுவதும் பெயர் அட்டை எழுதி வைப்பதும் அவர் பொறுப்பு.

நான் கணக்கு டீச்சர். அந்த வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். என் வகுப்பில் ஒரு பெண், கேட்டால் ஒழிய வாயே திறக்காதவள், களிமண்ணில் அம்மாவின் தலையைச் செய்ய ஆரம்பித்தாள். அவள் அம்மா மருந்துக்கடையில் கவுண்டரில் நின்றவர். போன வருஷம் ஒரு நாள் காலையில் முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கண் இறங்கி, வாய் ஒரு ஓரமாகச் சரிந்துவிட்டது. வைத்தியம் பார்த்தும் நேராகவில்லை. முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து எடுத்து உள்ளே குடோனில் அட்டைப்பெட்டி பிரிக்க விட்டார். அன்றிலிருந்து அந்த அம்மா ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை, ஒரு போட்டோவுக்கும் நிற்பதில்லை.

"போட்டோ எடுக்க விட மாட்டேங்குறாங்க டீச்சர். அதான் மண்ணுல செய்றேன்" என்றாள் பெண். "எல்லாரும் பாக்குற எடத்துல வெச்சா, அம்மாவும் வந்து பாப்பாங்க. நாங்க யாரும் அந்த மூஞ்சிய வேணாம்னு சொல்லலன்னு தெரியும்ல."

அந்த வாய் அவளுக்கு லேசில் வரவில்லை. அதிகம் சரித்தால் கேலி மாதிரி ஆகிவிடும், குறைத்தால் அம்மா இல்லை. பிசைந்து போட்டாள், மறுபடி பிடித்தாள். சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தச் சரிந்த வாய் சிரிக்கத் தொடங்கியிருந்தது. கண்காட்சிக்கு முந்தின நாள், மண் மெதுவாகக் காய வேண்டும் என்று ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அம்மா வந்தார். எவ்வளவு கெஞ்சியிருப்பாளோ! கைக்குட்டையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டியே நடந்தார். பெண் வாசலிலேயே காத்திருந்து, கையைப் பிடித்து அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன்.

மேசையில் ஒரு முகம் இருந்தது. கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், வாய் ஸ்கேல் வைத்த மாதிரி, கடையில் விற்கிற பொம்மை போல லட்சணமான முகம். துணியைக் காணோம். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாருக்குடி" என்றார் மெதுவாக. "நான் இப்பிடி இருந்தாத்தான் உனக்கும் பிடிக்கும், இல்ல?"

"நான் பண்ணலம்மா. சத்தியமா நான் இப்பிடிப் பண்ணலம்மா." பெண் பாய்ந்துபோய் அந்த வாயின் ஓரத்தைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினாள். மண் இறுகியிருந்தது. உதடு பொடிந்து மேசையில் விழுந்தது.

சார் அந்த நேரம் பார்த்து வந்தார். "ஐயையோ, உடைச்சிட்டியே கண்ணு! நேத்து சாயங்காலம் நான் அவ்வளவு சரி பண்ணி வெச்சேனே." பிறகு, தலையைக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கியபடியே அம்மாவிடம், "பாப்பாவுக்கு நல்ல கை வளம்மா. என்ன, வாயத்தான் ஒரேடியா கோணலா..."

நிமிர்ந்தார். அம்மா வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்திருந்தார்.

"கோணல்தான் சார்" என்றார் அந்த அம்மா.

சாரைப் பிடித்துத் திட்டியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்லிவிட முடியும்? அம்மா கைக்குட்டையைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, வந்தபடியே சுவரோரமாகப் போய்விட்டார். பெண்ணின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றாள். "எங்கம்மா வந்தாங்க. பாத்தாங்க. போயிட்டாங்க" என்றாள், உட்கார்ந்துவிட்டாள். என்ன கற்றுக்கொண்டாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் கைதட்டினார்; மற்றவர்களும் தட்டினார்கள்.

பள்ளி விட்ட பிறகு பையை எடுக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். காலண்டர் சாய்ந்து தொங்கியது. உள்ளே கை கழுவும் தொட்டியில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சார் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். களிமண் ஒட்டிய கட்டைவிரலைத் தன் வாயின் ஓரத்தில் வைத்து, மெதுவாகக் கீழே இழுத்து, விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.