லாச்சிக்குள்ள கிடந்த ஃபோன்

என்ர மனுசன் ஜெயரட்ணம் வீட்டுக் கதவைப் பூட்டிப்போட்டு மூண்டுதரம் இழுத்துப் பாக்கிற ஆள். மல்வேர்னில இருபத்திரண்டு வருசமாக் கார் ஓட்டப் பழக்கிறார். பக்கத்து சீற்றில இருந்து பிரேக்கில கால் வைச்சே பழகினதாலயோ என்னவோ, ஒருத்தரையும் நம்பமாட்டார். என்னையும் சேத்துத்தான்.

போன மாரியில பழக வாற பிள்ளையள் நல்லாக் குறைஞ்சு போச்சினம். கோடைக்குள்ள ஆக்கள் சேராட்டில் காரை வித்துப்போட்டுப் பழையபடி ஃபக்டரிக்குத்தான் போகவேணும். இவரின்ர இடுப்பு நோவுக்கு அது சரிவராது. நான்தான் பிடிவாதம் பிடிச்சு நிரூபனிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். சலூன், சாப்பாட்டுக் கடை எண்டு சின்ன வியாபாரங்களுக்கு வெப்சைற் செய்து குடுக்கிறவர் அவர்.

அங்கை என்ன கேட்டாலும் இவருக்குச் சந்தேகம். படம் என்னத்துக்கு? வீட்டு அட்ரஸ் போட்டால் கள்ளன் வரமாட்டானோ? நிரூபன் பாவம், எல்லாத்துக்கும் தலையாட்டினார். வெப்சைற் வடிவாத்தான் வந்தது.

ரெண்டு மாதமா ஒரு ஃபோன் கோலும் இல்லை. உடன இவர் கண்டுபிடிச்சிட்டார்: நிரூபன் கோல்களை இக்னேசியசுக்குத் திருப்பி விடுறாராம். இக்னேசியஸ் எண்டது இவரோட ஒண்டாக் கார் பழக்கத் தொடங்கின ஆள். தன்னட்டைப் பழகின பிள்ளை ஒண்டைக் களவா எடுத்தவன் எண்டு, நாலு வருசத்துக்கு முதல் இவர் அவரோட கதைக்கிறதை விட்டு, நம்பரையும் மாத்தினவர். அந்தப் பிள்ளை இவர் கத்தின கத்தில தானாத்தான் போனது. சொன்னால் கேட்டாத்தானே.

சண்டைக்கெண்டே போனம். நிரூபன் வெப்சைற்றைத் திறந்து, அதில கிடந்த நம்பருக்கு எங்களுக்கு முன்னாலயே அடிச்சார். இவரின்ர கையில இருந்த ஃபோன் சத்தமில்லாமல் கிடந்தது. நிரூபனின்ர ஃபோனில, மெசேஜ் விடச்சொல்லி இவரின்ர குரலே கேட்டது.

"நீங்கள் எழுதித் தந்த நம்பர்தான், அண்ணை."

வீட்டை வந்துதான் இவர் உண்மையைச் சொன்னார். குடுத்தது பழைய நம்பராம். நிரூபன் நம்பரை விக்கிறாரோ எண்டு ஒரு மாதம் பாத்திட்டுச் சரியானதைக் குடுப்பம் எண்டு நினைச்சவராம், பிறகு மறந்துபோனாராம். வேற ஆரும் எடுத்திடுவினம் எண்டு அந்த நம்பரை இவ்வளவு காலமும் காசு கட்டி, வெட்டாமல் வேற வைச்சிருந்திருக்கிறார். எனக்கு விசர்க்கோவம் வந்தது.

மேசை லாச்சிக்குள்ள கிடந்த பழைய ஃபோனைச் சார்ஜில போட்டம். பதினேழு மெசேஜ். மோளுக்குப் பழக்கவேணும், மோனுக்குப் பழக்கவேணும் எண்டு ஆரார் எல்லாமோ கேட்டிருக்கினம். கடைசி ரெண்டும் இக்னேசியஸ்.

"ஜெயம், வெப்சைற்றில உன்ர பழைய நம்பரைக் கண்டன். எனக்குக் கண் ஒப்பரேசன், இனிப் பழக்கேலாது. என்னட்டை ஒன்பது பிள்ளையள் இருக்கினம். உன்னை விட்டால் நான் ஆரை நம்பி விடுறது? கோல் எடு."

ஒரு கிழமை கழிச்சு மற்றது. "உனக்கு இன்னும் கோவம் போகேல்லை எண்டு விளங்குது. பிள்ளையளை வேற ஆளிட்டை விட்டிட்டன்."

இவர் அப்பிடியே கதிரையில இருந்திட்டார். பிறகு தன்ர புது ஃபோனால இக்னேசியசுக்கு அடிச்சார். எடுக்கேல்லை. திரும்பவும் அடிச்சார். தெரியாத நம்பர், ஆர் எடுப்பினம்?

மூண்டாந்தரம் மெசேஜ் விட்டார். "இக்னேசியஸ், நான் ஜெயம்," எண்டார். தன்ர சரியான நம்பரை ஒவ்வொரு இலக்கமாச் சொன்னார். விளங்கியிருக்காதோ எண்ட பயத்தில இன்னொருக்காலும் சொன்னார்.