மூன்றாம் வரிசையோடு நின்ற சுவர்

கௌசல்யா அம்மா காலமான செய்தி வந்தபோது, எங்கள் லைன் வீட்டின் கடைசிச் சுவரில் மூன்றாவது வரிசைக் கல் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் முனியப்பா செல்போனைக் காதிலிருந்து எடுத்து, "மேடம் போயிட்டாங்களாம்" என்றார். கொத்தனாரின் கரண்டி நின்றது.

அம்மா கட்டடங்களுக்குப் படம் போடுபவர். ஓசூரில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைத் திருத்திக் கட்ட அளக்க வந்தார். எதிரெதிரே அறைகள், நடுவில் நடை, நடை முடிவில் முட்டுச் சுவர். அதுதான் எங்கள் லைன். நாகரசம்பட்டியிலிருந்து மகனோடு வந்த நான், இடுப்பு முறிந்தபின் ஜன்னலில்லாத அறையிலேயே கிடந்தேன். கதவுக்குப் பூட்டில்லை, ஆனாலும் பூட்டி வைத்ததுபோலத்தான்.

அவர் டேப்பைவிடச் சாக்பீஸைத்தான் அதிகம் எடுத்தார். ஒவ்வோர் இடத்திலும் எங்களை நிறுத்தி, "இங்க நின்னா முழுசா இருக்கீங்களா, குறைஞ்சு போறீங்களா?" என்று கேட்பார். முழுசு என்றால் தரையில் முழு வட்டம். குறைவு என்றால் அரை வட்டம். "ஒருத்தர் சொன்னா ஆசை. எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னா அது அளவு" என்பார்.

என் அறையெங்கும் அரை வட்டங்கள். "எங்க மாமனார அளந்தா கால் வட்டம்தாம்மா வரும்" என்றாள் மருமகள் செல்வி. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான்.

முழு வட்டங்களெல்லாம் முட்டுச் சுவரின் முன்னே குவிந்தன. அங்கே ஒரு கல் உடைந்து கையகல வெளிச்சம் விழும். செல்வியின் கோழியும் அங்கேதான் படுக்கும். "கோழியும் ஓட்டுப் போட்டிருக்கு" என்று அதற்கும் ஒரு வட்டம் போட்டார்.

சுவரைத் திறக்கச் சொன்னதும் முனியப்பா பதறினார்.

"பேடம்மா, வேண்டாம்! சானமாவு காட்டு யானை நேரா உள்ள வந்துட்டா?"

"வந்தா அதையும் நிக்க வெச்சுக் கேப்போம், முனியப்பா."

சுவர் திறந்தது. புளியமரம், அப்பால் ராகிக் கொல்லை. எல்லா அறைகளின் ஸ்டூல்களும் அங்கே நகர்ந்தன. நானும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் உட்காரலானேன். என்ன ஆனந்தம்!

பிறகு அம்மா பெங்களூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசியாகப் போனில், "பெரியவரே, இங்க எல்லாம் அரை வட்டம்தான். நீங்க உங்க இடத்த விட்டுடாதீங்க" என்றார்.

அடுத்து யானை ராகியில் இறங்கியது. முனியப்பா கொத்தனாரோடு வந்துவிட்டார். "அடைக்காதப்பா, நான் செத்துப்போவேன்" என்று கெஞ்சினேன். "யானை மிதிச்சாலும் செத்துதான் போவீங்க" என்றார். கல் ஏறியது. வெளிச்சம் குறைந்தது. அப்போதுதான் போன் மணி அடித்தது.

முனியப்பா அந்த மூன்றாம் வரிசையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் சிமெண்ட் ஒட்டியது. புளியமரத்தைப் பார்த்தார். பிறகு, "போதும்பா, கரண்டியக் கழுவு" என்றார்.

அந்த வரிசையைத் தாண்ட என் காலுக்கு வலுவில்லை. ஆனால் உட்காரச் சரியான உயரம். சிமெண்ட் காயவில்லை. அம்மாவின் பெயரை எழுத எனக்குத் தெரியும். இருந்தும் விரலால் ஒரு முழு வட்டம் போட்டேன்.

போய் வாருங்கள், அம்மா. நான் இடத்தை விடவில்லை.