சந்தனப் பொட்டு வைத்த தோட்டாப் புத்தகங்கள்

குலேந்திரன் வேலைக்குப் போகிற வீடுகளில் இருந்து ஒரு ஊசியைக்கூட வெளியில் கொண்டுவரக் கூடாது. வீட்டுக்காரர் விரும்பித் தந்தாலும் கூடாது. ஒஸ்லோவில் வயதுபோன சனத்துக்குக் கூட்டித் துடைத்துக் கொடுக்கிற எல்லாருக்கும் அதுதான் கட்டளை. எட்டு வருசமாக அவன் ஒரு சொக்கிலேற்றுத் துண்டு வாங்கினதில்லை. அப்படிப்பட்ட மனுசன்தான் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு நவராத்திரிக்குள் பதினொரு புத்தகங்களை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆள் புங்குடுதீவு. நோர்வேக்கு வந்து முதல் ஒன்பது வருசமும் வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினவன். அந்தக் குளிரில் பழகின பாஷை அவனோடை ஒட்டிப்போச்சு. ஒஸ்லோவில் வாயைத் திறந்தால் வெள்ளைக்காரர் சிரிப்பினம், தமிழன் வடக்கு நோர்வேக்காரன் மாதிரி இழுத்து இழுத்துக் கதைக்கிறான் என்று. அந்த இழுவைதான் கெர்ட் என்ற கிழவிக்குப் பிடித்தது. எண்பத்திரண்டு வயது. புருஷன் ஆர்ன செத்து ஒரு வருசம். புதன்கிழமைகளில் அவன் வேலை அவவின் வீட்டில்.

ஆர்ன ஒரு வேட்டைக்காரன். சுட்ட பிறகு விழுகிற வெறும் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து, நிலவறைக்குள் குந்தி வெடிமருந்து அளந்து போட்டு, திரும்பவும் தோட்டா ஆக்குவான். எந்தத் துவக்குக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லுகிற பழைய அமெரிக்கப் புத்தகங்கள் அவனிடம் பதினொன்று இருந்தன. புத்தகத்தை ஒருநாளும் நிலவறைக்குக் கொண்டுபோக மாட்டான். கை கழுவி வந்து, வேண்டிய அளவைக் கொப்பியில் எழுதி, கொப்பியோடுதான் கீழே இறங்குவான். "இதுக்கு ஒருநாள் பெறுமதி வரும்" என்று நாற்பது வருசம் சொன்னானாம். நாற்பது வருசமும் கெர்ட் சிரித்தாவாம்.

"நான் சிரிச்சது சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரிய வேணும், குலன்" என்றா கிழவி. "மயோர்ஸ்துவாவிலை பழைய வேட்டைப் புத்தகம் வாங்கிற ஒருத்தன் இருக்கிறான். என்ரை கால் அவ்வளவு தூரம் போகாது. நீ கொண்டுபோய் விலை கேட்டுக்கொண்டு வா."

"எனக்கு அனுமதி இல்லை."

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆர்னவும் சொல்ல மாட்டான்."

சனிக்கிழமை கொண்டுபோகலாம் என்று நினைத்து, ரொம்சோஸில் தன் வீட்டு வாசலுக்குள் பையை வைத்தான். மனுசி புஷ்பராணியிடம் "புத்தகம், பக்குவம்" என்று மட்டும் சொன்னான். அந்த இரண்டு சொல்லோடு விட்டதுதான் அவன் செய்த பிழை.

அடுத்தநாள் சரஸ்வதி பூசை. பின்னேரம் ஐந்து மணிக்கு வேலையால் வந்தவன் சாம்பிராணி வாசத்துக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால், சாமிப்படத்துக்கு முன்னால் மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அகராதி, புஷ்பராணி கார் ஓடப் படிக்கிற புத்தகம், அதுகளுக்குப் பக்கத்தில் ஆர்னவின் பதினொன்றும். ஒவ்வொரு அட்டைக்கும் நடுவில் குழைத்த சந்தனம், அதின் மேல் குங்குமம்.

"புஷ்பம், என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

"புத்தகம், பக்குவம் எண்டு நீங்கள்தானே சொன்னியள். வீட்டிலை இருக்கிற புத்தகத்தை இண்டைக்குச் செருப்புக்குப் பக்கத்திலை விடுறதோ?"

"அது தோட்டா செய்யிற புத்தகமடி."

"படம் பாத்தனான். அதுக்கென்ன, ஆயுதத்துக்கும் பூசை இருக்குத்தானே. ரெண்டும் ஒண்டாய் முடிஞ்சுது." அவன் கை நீட்டினான். "இஞ்சருங்கோ, தொடாதேங்கோ. நாளைக்கு விடியத்தான் எடுக்கலாம்."

ஆர் என்ன சொன்னாலும் அவளில் பிழை இல்லை. அவனும் அப்படி வளர்ந்தவன்தானே, நீட்டின கையை இழுத்துக்கொண்டான். விடிய, ஈரத்துணியால் ஒரு அட்டையைத் துடைத்துப் பார்த்தான். மஞ்சள் பரவியது, சிவப்பு ஓடியது, அட்டையின் எழுத்தும் துணியோடு வந்தது. மற்றப் பத்தையும் தொடாமல் வைத்தான்.

சனிக்கிழமை மயோர்ஸ்துவாக் கடைக்காரன் தூர்பியோர்ன் ஒவ்வொரு தாளாகப் பிரட்டினான். பிறகு அட்டையை மூக்கடியில் பிடித்தான்.

"முப்பது வருசமாய் எண்ணெய்க் கறை, கோப்பிக் கறை எல்லாம் பாத்திட்டன். இதென்ன கறை?"

"சந்தனம். வீட்டிலை கும்பிட்டது."

"எதை?"

"புத்தகத்தை."

தூர்பியோர்ன் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தான். "இதிலை உள்ள அளவுகள் இப்ப ஒருத்தருக்கும் உதவாது. மருந்து மாறீட்டுது. இதைப் பாத்து அடைச்சால் துவக்கு வெடிச்சு முகம் போகும். சேர்த்து வைக்கிற ஆக்கள்தான் வாங்குவினம். மருந்துக் கையோடை பிரட்டினபடியால் எல்லாரின்ரை புத்தகமும் கறுத்துப் போய்த்தான் வரும். உள்ளுக்கு இவ்வளவு சுத்தமாய் ஒரு தொகுதி நான் கண்டதில்லை. அட்டையும் அப்பிடி இருந்திருந்தால் ஒன்பதாயிரம் குரோனர் தந்திருப்பன். இப்ப மூவாயிரம்."

திரும்பி வருகிற தேபான் ரயிலில் குலேந்திரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூவாயிரம் என்று சொன்னால், நான் சிரித்தது சரிதான் என்று கிழவி நினைப்பா. கறை எல்லாம் ஆர்ன ஆக்கினது என்று போய்விடும், தன் வேலைக்கும் கேடில்லை. ஒன்பதாயிரம் என்று வாயெடுத்தால் மற்ற ஆறாயிரமும் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். அவ அலுவலகத்துக்கு ஒரு போன் எடுத்தால் வேலை போச்சு.

"மூவாயிரமும் பொய்யில்லைத்தானே?" என்றாள் வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட புஷ்பராணி. பிறகு அவளே, "நான் வந்து சொல்லட்டே? பூசினது நான்."

"என்ரை கையிலைதான் தந்தவ."

புதன்கிழமை கெர்ட், நடக்கத் துணைக்கு வைத்திருக்கிற தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றா.

"என்ன, சிரிச்சது சரியோ?"

"பிழை" என்றான். குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஒன்பதாயிரம் பெறும். அவர் அவ்வளவு சுத்தமாய் வைச்சிருந்திருக்கிறார். இப்ப மூவாயிரம்தான், நாங்கள் பழுதாக்கிப்போட்டம்." பையைத் திறந்து காட்டி, பூசை, சந்தனம், ஈரத்துணி எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான்.

கிழவியின் முகம் இறுகிப்போனது. "உன்னை நம்பித் தந்தனான்."

"ஓம்."

"ஆர்ன இருந்திருந்தால் உன்னைப் படியாலை உருட்டி விட்டிருப்பான்."

"ஓம்."

கதிரையில் இருந்து, மடியில் ஒரு புத்தகத்தை வைத்து நகத்தால் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தா. வரவில்லை. "நான் நாற்பது வருசத்திலை இதுகளை ஒருக்காக்கூடத் தூசி தட்டினதில்லை" என்றா. "அவன் கை கழுவப் போகேக்கை நக்கலடிப்பன், பாதிரியார் வாறார் எண்டு." பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தா. "ஒன்பது எண்டு அந்தக் கடைக்காரனே சொன்னவன்?"

"அவனேதான்."

"ஒரு துண்டிலை எழுது. ஒன்பதாயிரம் எண்டு. மூவாயிரத்தை எழுதாதை."

எழுதிக் கொடுத்தான். அவ அதை மேலாக இருந்த புத்தகத்தின் முதல் தாளுக்குள் வைத்து மூடினா. விற்கிற கதை பிறகு வரவில்லை.

"அலுவலகத்துக்கு அறிவிக்கிறதெண்டால்..." என்று குலேந்திரன் தொடங்கினான்.

"எதுக்கு? வந்து அரை மணித்தியாலம் கதைச்சுப் போட்டாய். குசினி நிலம் காலிலை ஒட்டுது. போய்த் துடை."