எண்ணெய் போடாத ஷட்டர்

ஆளை வைத்து மாட்டுங்கள் என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த ரோலிங் ஷட்டரை வாங்கி, ஒதியம்பட்டு வீட்டுக் கார் ஷெட்டில் நானே மாட்டினேன். செல்போன் வீடியோவில் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

ஷட்டரை ஏற்றி வந்த குட்டியானை வண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஒல்லியான மனிதர், வெளுத்த காக்கிச் சட்டை. எதைத் தொட்டாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்துத்தான், "இந்தப் பக்கம் சேனல் சாஞ்சிருக்கு சார்" என்றார். கழற்றி, இருவருமாகத் திரும்ப மாட்டினோம்.

ஷட்டர் ஏறியது. ஆனால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிட்டது. எனக்கு எரிச்சல். எண்ணெய் டப்பாவை எடுத்தேன்.

"இன்னா அவசரம் சார், வுடுங்க. நான் வண்டி நிறுத்துற ஷெட்டு ஷட்டரும் இப்பிடித்தான் கத்தும். அந்தச் சத்தத்தக் கேட்டாத்தான் எங்க வூட்டுக்காரி அடுப்புல டீ வெக்கும்."

"நல்ல ஏற்பாடுதான்" என்று சிரித்தேன்.

அவர் புறங்கையை ஷட்டரில் வைத்தார். "அது செத்து மூணு வருஷமாவுது சார். இன்னும் எண்ணெ போடல. ஷட்டரத் தூக்கிட்டு கொஞ்ச நேரம் வெளியவே நிப்பேன்."

டீ குடிக்கக் கூப்பிட்டேன். நெட்டப்பாக்கத்தில் இன்னொரு லோடு இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். பிறகு அவரைப் பார்க்கவேயில்லை.

எண்ணெய் டப்பா பிரிக்காமலே கிடக்கிறது. தினமும் சாயங்காலம் ஷட்டரைத் தூக்கியதும், உள்ளேயிருந்து "வந்துட்டீங்களா?" என்று மனைவியின் குரல் வரும்வரை நானும் வெளியே நிற்கிறேன்.