'கரா' வைத்து ஒரு வாக்கியம்

ஜப்பான் மொழி எங்களுக்குச் சுலபம் என்று மன்னார் வகுப்பில் ரீச்சர் சொன்னது பொய்யில்லை. வினை தமிழைப் போலவே கடைசியில் வரும். நாங்கள் 'கடலுக்கு' என்பதில் சேர்க்கும் 'கு'வுக்கு அங்கே 'ஏ'. 'இருந்து' என்பதற்குக் 'கரா'. முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போகத்தான் படித்தேன். நான் போனதும் கணவர் கடல் தொழிலை விட்டுவிடுவதாகப் பேச்சு.

வீட்டில் பாடம் சொல்லிப் பழகும்போது கேள்வி நான், பதில் அவர். படிப்பது நான், பிடித்துக்கொள்வது அவர். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று பின்னேரம் படகு எஞ்சினைத் தோளில் வைத்தபடி படலையைத் திறந்தவர் திரும்பி நின்றார். "இண்டைக்குப் பாடம் இல்லையோ? கேளுமன்."

வாய்ப்பழக்கத்தில் "தொக்கோ ஏ இக்கிமஸ்கா?" என்றேன். "உமி ஏ இக்கிமஸ்" என்று சிரித்துக்கொண்டே போனார். கூடப் போகிறவருக்குக் காய்ச்சல் என்பதால் அன்று தனியே.

"என்ன கதைச்சனீங்கள்?" என்றார் கணவரின் தாய். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், கடலுக்குப் போகிறேன் என்றார் என்றேன். மாமி சிலுவை போட்டுக்கொண்டார். கடலுக்கு இறங்குகிறவனை எங்கே என்று எங்கள் கரையில் கேட்பதில்லை. அவனும் போறன் என்று சொல்லமாட்டான், போட்டு வாறன் என்பான்.

"எந்தப் பாசையிலை கேட்டாலும் கேட்டதுதான், பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் படலைக்கு வெளியே ஒழுங்கை முனைவரை ஓடிப் பார்த்தேன். அவர் போய்விட்டிருந்தார்.

விடிந்தும் படகு வரவில்லை. சோளகக் காற்று பனைகளை உலுப்பியது. போன் எடுபடவில்லை. இன்னும் இரண்டு படகுகள் வரவில்லை, எங்காவது ஒதுங்கியிருப்பார்கள் என்றார்கள் கரையில். அதை நம்பி வகுப்புக்குப் பஸ் ஏறினேன்.

'கரா' வைத்து வாக்கியம் சொல்லும்படி ரீச்சர் கேட்டார். எழும்பி, "ஒத்தோ வா உமி கரா கயேரிமஸ்" என்றேன். கணவர் கடலிலிருந்து திரும்பி வருவார்.

"நல்லது. இனி அதையே வரமாட்டார் எண்டு மாத்திச் சொல்லுங்கோ."

வினையின் கடைசித் துண்டை மாற்றினால் போதும். எனக்குத் தெரியும்.

"சொல்ல மாட்டன், ரீச்சர்."

குரல் பெரிதாக வந்திருக்க வேண்டும், எல்லோரும் திரும்பினார்கள். பையை எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு இறங்கினேன்.

எங்கள் தலைமன்னார் கரையில் மற்ற இரண்டு படகுகளும் நின்றன. அவற்றில் ஒன்று எங்கள் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தது. அதில் ஒருவரும் இல்லை. கூடி நின்றவர்கள் எனக்கு வழி விட்டார்கள்.