சைக்கிளுக்கு அப்பா போட்ட ஸ்டாண்டு

கியர் சைக்கிளை நான் வாங்கிவந்த மறுநாள் காலையிலேயே அப்பா அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டார். அதற்கு ஸ்டாண்டு இல்லை.

கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், இரண்டு விரல் அகலம்கூட இல்லாத டயர், பின்சக்கரத்தில் சிறிதிலிருந்து பெரிதாக எட்டுப் பல்சக்கரங்கள். செங்கல்பட்டில் ஒருவர் சில வருடங்கள் ஓட்டிவிட்டு விற்ற சைக்கிள் அது. இந்த மாதிரி வண்டிகளுக்கு ஸ்டாண்டு வைக்கமாட்டார்கள், எடை கூடும் என்று சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

அப்பா உத்திரமேரூர் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். அவருடைய சைக்கிள் தவிட்டு மூட்டையை ஏற்றினாலும் இரண்டு காலில் அசையாமல் நிற்கும். என்னுடையது சுவரில் சாய்ந்திருக்கும், காற்றடித்தால் விழும். அவரோடு மூட்டை தூக்குகிறவர் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, தினமும் காலையில் அவரைக் கூட்டிப்போக வருவார். ஒருநாள் வண்டி மண்ணில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாபா, உம் புள்ள வண்டி எப்பப் பாத்தாலும் படுத்துக்கினே கீது, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். நானும் சிரித்தேன், அப்பாவும் சிரித்தார். அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நான் கம்பெனிக்குப் போயிருந்த நேரம், சைக்கிளை ஊருக்குள் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். சைக்கிள் கடைக்காரர் இதற்கெல்லாம் ஸ்டாண்டு வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா விடவில்லை. டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறைக்குப் போய், இரும்பை வெட்டி, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழாய்களில் பிடிக்கிற மாதிரி ஒரு கிளாம்பு செய்யவைத்து, அதில் ஒற்றைக்கால் ஸ்டாண்டு ஒன்றை மாட்டச் செய்திருக்கிறார். பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்கப் பழைய டியூபை வெட்டி உள்ளே கொடுத்திருக்கிறார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை என்று அம்மாதான் சொன்னாள்.

நான் வந்தபோது வாசல் நடுவில் சைக்கிள் தனியாக நின்றுகொண்டிருந்தது. அப்பா டீ டம்ளரைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீது நைனா" என்றேன்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஓட்ட வருகிறவர்கள் எல்லாம் ஆபீசில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் ஒருவர் அதைப் பார்த்து, மாட்டு வண்டிக்கு முட்டுக்கொடுத்த மாதிரி இருக்கிறதே என்றார். அன்று முழுக்க நான் கடைசியாகத்தான் ஓட்டினேன்.

இரண்டு வாரத்தில் கியர் தகராறு தொடங்கியது. மேட்டில் ஏறப் பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் போகாமல் கடகடவென்று உரசும். அழுத்தி மிதித்தால் திடீரென்று ஒரு பல் தாண்டிக் குதிக்கும், முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். இந்தச் சைக்கிளில் கை விசையைத் தள்ளினால் ஒரு மெல்லிய கம்பிக் கேபிள் இழுபட்டு, அதுதான் பின்னால் செயினைத் தள்ளிவிடும். கேபிளின் இறுக்கம் இம்மி குறைந்தாலும் எல்லாம் கெடும். கைப்பேசியில் வீடியோ பார்த்து, பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி இறுக்கினேன். நான்கு நாள் நன்றாக இருக்கும், மறுபடியும் உரசும்.

படம் எடுத்து அந்த ஆபீஸ்காரருக்கு அனுப்பினேன். கேபிள் அந்தக் கிளாம்பு வழியாகத்தானே போகிறது, ஸ்டாண்டு அதை அமுக்குகிறது என்று பதில் போட்டார். குனிந்து ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. அந்த ஸ்டாண்டு குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று எனக்கு ஏற்கனவே ஆசை இருந்தது.

மறுநாள் காலை, பெரியப்பா வந்து நிற்கும்போதே கேட்டேன். "தெரியாத வேலைல எதுக்கு நைனா கைய வெக்கிற? இது இன்னா மூட்ட ஏத்துற வண்டியா?"

பெரியப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, கயட்டிப் போட்டுடு" என்றார். அவ்வளவுதான். இருவரும் போய்விட்டார்கள்.

அன்றே கழற்றினேன். கழற்றும்போது கேபிளையும் நன்றாக இழுத்து முடுக்கினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சாயங்காலம் அப்பாவிடம், "பாத்தியா, ஸ்டாண்டுதான்" என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, ஆஸ்பத்திரிச் சீட்டு, பட்டா மனு எதுவானாலும் நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. மேல்முறையீடு கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழக்கிவிட்டார்கள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஸ்டாண்டைக் கழற்றிய மூன்றாவது ஞாயிறு, திருப்புலிவனம் தாண்டிப் போகும்போது கேபிள் பட்டென்று அறுந்தது. செயின் ஆகச் சின்னப் பல்லில் போய் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒரே கியரில், எதிர்காற்றில், எழுந்து நின்று மிதித்தபடி வீடு வந்தேன். ஹேண்டில் பிடியின் ரப்பரை உருட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே, கை விசையின் அடியில், கேபிளின் நுனி துடைப்பம் மாதிரிப் பிரிந்திருந்தது. துருப்பிடித்த இழைகள். நாளுக்கு ஒன்றிரண்டாக அறுந்திருக்கின்றன. நான் இறுக்கிக்கொண்டே இருந்தது அந்தத் தளர்ச்சியைத்தான். சைக்கிள் என் கைக்கு வரும்போதே அது அப்படி இருந்திருக்கவேண்டும்.

கேபிள் முழுவதையும் உருவி எடுத்து விரலால் தடவினேன். ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஒரு நசுங்கல் இல்லை. மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த கிளாம்பை எடுத்துப் பார்த்தேன். கேபிள் போகிற இடத்தில் மட்டும், அரம் கொண்டு ராவி, சீராக ஒரு பள்ளம் எடுக்கப்பட்டிருந்தது. அரத்தின் கோடுகள் தெரிந்தன. பட்டறைக்காரருக்கு இது தோன்றியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி எங்கே போகிறது என்று பார்த்து, இங்கே ராவு என்று சொல்லியிருக்கிறார் அப்பா.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன், சொல்லவில்லை. இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குள் ஒன்றைக் கவனித்தேன். அப்பா என் சைக்கிள் பக்கமே வருவதில்லை. மழை வந்தால்கூட அதை உள்ளே வைக்க அம்மாவைக் கூப்பிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "நைனா, அந்த ஸ்டாண்டு மேல தப்பு இல்ல. கேபிளு உள்ளயே பிஞ்சிக்கினு இருந்துகீது. வாங்கும்போதே நான்தான் பாத்திருக்கணும்."

"சரி வுடு."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"படம் புடிச்சி, விசாரிச்சிட்டுத்தான அன்னிக்குச் சொன்ன? இப்ப நான் வருத்தப்படுவேன்னு மாத்திச் சொல்ற."

கிளாம்பை எடுத்துவந்து அந்தப் பள்ளத்தைக் காட்டினேன். நீ ராவச் சொன்ன இடத்தில் கேபிள் உரசவே இல்லை என்றேன். அவர் அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நூலு ஆயம் பத்தல" என்றார். "இன்னும் கொஞ்சம் ராவி இருக்கணும்."

திரும்ப மாட்டிவிடலாம் என்று சொன்னதற்கு, வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார்.

மறுநாள் காலை பெரியப்பாவிடம் அப்பாவே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். புள்ள என்னைத் தேற்றுகிறான் என்று. நான் வெளியே வந்து, இல்லை பெரியப்பா, தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் என் முதுகைத் தட்டினார். "அப்பன வுட்டுக்குடுக்காம பேசறான் பாரு" என்றார் அப்பாவிடம். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் என் குணத்துக்குத்தான் இன்னொரு பாராட்டு கிடைக்கும்.

போன ஞாயிறு எழுந்து வந்தபோது, குளிக்கிற இடத்துக் குழாயின் கீழே பக்கெட் வைத்திருந்தது. புதன்கிழமையிலிருந்து சொட்டுகிறது என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டுக் குழாயை அப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. வாஷர் மாற்ற அவருக்குப் பத்து நிமிடம் போதும். ஸ்பேனரும் புது வாஷரும் சுவர்மேல் தயாராக இருந்தன.

"நீயே போட்டுடேன் நைனா" என்றேன்.

"இல்ல, நீ பாரு" என்றார். "நான் எதாச்சும் பண்ணி வெச்சிடப்போறேன்."

எனக்குக் குழாய் வேலை தெரியாது. ஸ்பேனரை எடுத்து எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கெட்டை நகர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.